புதூர் நாகதம்பிரானிட்ட போய் வந்தம்

வவுனியாவில இருந்து ஏ9 ரோட்டால ஓமந்தை தாண்டிப் போய், புளியங்குளத்துக்குக் கிட்ட உள்ளுக்குத் திரும்பினா புதூர் நாகதம்பிரான் கோயில். கோயில் பொங்கலுக்குத்தான் சரியான சனம், நாங்கள் போனது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை.

வான்ல போகேக்க மகன் அம்மாவைக் கேட்டான், "அம்மம்மா, பாம்பு கடிக்கும்தானே, பிறகேன் கும்பிடுறம்?" அம்மா நேரா பதில் சொல்லேல்ல, நயினாதீவுக் கதையைத் தொடங்கிட்டா. நாகபூசணி அம்மனுக்கு ஒரு நாகம் வாயில பூவோட கடலுக்கால வருதாம், கருடன் மறிச்சிட்டுதாம், பாம்பு பயத்தில ஒரு கல்லைச் சுத்திக்கொண்டு கிடக்க கருடன் மற்றக் கல்லில காவல் இருக்குதாம், அந்த நேரம் கப்பல்ல வந்த ஒரு வணிகன் "பாவம், அதை விட்டிடு" எண்டு கருடனிட்ட மன்றாடி, அதுக்காகத் தன்ர செல்வத்தையே அம்மன் கோயிலுக்குக் குடுத்தானாம். மகன் கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப பூ வாடிப் போச்சா?" அம்மாவுக்கு கண் கலங்கிட்டுது. எனக்கும்தான். பாம்பெண்டா கத்திற பிள்ளை பாம்பின்ர பூவுக்குக் கவலைப்படுறானே.

கோயில்ல நாங்கள் பால் வைச்சுக் கும்பிட்டம். பக்கத்தில பொங்கிக்கொண்டிருந்த ஒரு ஐயா நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்யிறவர். அருவி வெட்டேக்க, அதாவது நெல் அறுக்கேக்க, நாகம் தெரிஞ்சா மெசினை நிப்பாட்டிப்போட்டு "தம்பிரானே, விலகிப் போ" எண்டு சொல்லிக் காத்திருப்பினமாம், அது போனாப் பிறகுதான் மற்ற வரம்பு. "வயல் எலியைப் பிடிக்கிறதும் அவர்தானே பிள்ளை" எண்டார். உண்மைதான், ஆனா பக்தி வேற வைத்தியம் வேற, பாம்பு கடிச்சா நேர்த்தி வைச்சுக்கொண்டு வீட்டில இருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ, விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கு.

அம்மா அங்க எப்பவும் கும்பிடுறது சிவப்பிக்காக. எங்கட பசு. 2009இல சண்டையில இடம்பெயரேக்க கூட்டிக்கொண்டு போக வழியில்லை, வன்னியில கனபேர் செய்த மாதிரி அம்மாவும் கயிறை அவிட்டு விட்டா, கட்டின கயிறோட பட்டினி கிடந்து சாகக்கூடாதெண்டு. கழுத்துக் கயிறை அவிழ்க்கேக்க அது அம்மாவின்ர கையை நக்கினதாம். திரும்பி வந்து பாத்தா இல்லை. பட்டிப்பொங்கலுக்கு இப்பவும் சிவப்பி பேரைச் சொல்லித்தான் முதல் பிடி சோறு. இதுகளைக் கேட்டு வளந்த பிள்ளை நாய்க்குக் கல்லெறிய மாட்டான், நான் என்ர வீட்டிலயே பாக்கிறன். வைரவற்ர வாகனம் எண்டு தெருநாய்க்குத் தண்ணி வைக்கிறதும் அவன்தான்.

ஒண்டே ஒண்டு மனசை வருத்திச்சு. கோயில் வீதியில ஒரு மாடு சொப்பிங் பையைச் சோத்தோட சேத்து மென்டுகொண்டு நிண்டது. மகன் பாதியை இழுத்தெடுத்தான், மிச்சம் உள்ள போயிட்டுது. பொலித்தீன் வயித்தில அடைச்சா மாடு தீனெடுக்காமல் செத்துப் போகும். பொங்கலுக்குப் போறாக்கள் தயவுசெய்து மிச்சச் சாப்பாட்டைப் பையில கட்டி எறியாதேங்கோ, வாழையிலையில கொண்டு போங்கோ, பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாங்கோ.