கதவுக்கு இந்தப் பக்கம்

ஆகஸ்ட் 3, 2020

மனைவியின் கொரோனா ரிசல்ட் வந்துவிட்டது. பாசிட்டிவ். அவள் தலையணையையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாப்பா கதவடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து வரமாட்டாளாம்.

ஆகஸ்ட் 4

அவள் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருவியில் ஆக்ஸிஜன் அளவு: காலை 97. மதியம் 96. இரவு 96.

ஆகஸ்ட் 5

பாப்பாவுக்கு உடம்பு சுட்ட மாதிரி இருந்தது. காய்ச்சல் மருந்தை எடுத்துவிட்டேன். எடையைப் பொறுத்து அளவு என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. எடை எனக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக என் மகள்.

கதவைத் தட்டினேன். இருமலுக்கு நடுவே, "15 கிலோ 200. போன மாசம் பார்த்தது. முதல்ல தெர்மாமீட்டர் வைங்க, ரெண்டாவது டிராயர்ல இருக்கு" என்றாள். 37.2 தான். மருந்தே தேவைப்படவில்லை.

ஆனால் அந்த 15.2 என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த தடுப்பூசி எப்போது, ஷூ எந்த அளவு, தலைக்கு ஊற்றும்போது எந்தக் காதில் பஞ்சு வைக்க வேண்டும் (இடது காது, இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்). வீட்டு வேலையில் கூடமாடச் செய்பவன் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கூடமாடச் செய்பவன் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. வைத்திருக்க அவள் இருந்தாள்.

ஆகஸ்ட் 6

எங்கள் மூவருக்கும் நெகட்டிவ். ஆனாலும் அப்பாவுக்கு 71 வயது. பாப்பாவை அவர் பக்கத்தில் விடவே பயம்.

ஆகஸ்ட் 7

லீவு கேட்டேன். "வீட்ல லேடீஸ் வேற யாரும் இல்லையா?" என்றார் மேனேஜர். கோபம் வந்தது. அப்புறம், என் டீமில் ஒருவர் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டபோது நானும் இதே கேள்வியைக் கேட்டது நினைவுக்கு வந்தது. இரவு அவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை என்றார். எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 8

91.

இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். 90. 94-க்குக் கீழே போனால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு போனில் வீடியோ காலில் அவள், இன்னொன்றில் ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தப் போகிறேன். "இருங்க இருங்க" என்றாள். ஆள்காட்டி விரலைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கருநீலத்தில் நெயில் பாலிஷ், நகத்தைத் தாண்டித் தோலிலும் அப்பியிருக்கிறது. அதற்கு முந்தின வாரம் பாப்பா போட்டுவிட்டதாம். அந்தக் கருவி விரல் வழியாக ஒளியைப் பாய்ச்சித்தான் கணக்குப் போடுகிறது, அடர்த்தியான பாலிஷ் அதை மறைத்துவிடும். இடது கை நடுவிரல்: 96.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பாப்பா வந்து என் கண்ணைத் துடைத்தாள், அவள் நகம் கன்னத்தில் கீறியது.

ஆகஸ்ட் 9

அந்த நகம். ஒரு வாரத்தில் இவ்வளவு வளருமா? வெட்ட உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, சதையோடு வெட்டிவிடுவேனோ என்று.

"டேய், இங்க கொடு." மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு அப்பா வந்தார். தூங்கட்டும் என்று காத்திருந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நுனிச் சதையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திக்கொண்டு வெட்டினார். பத்து விரலுக்கும் கால்மணி நேரம். எங்கே கற்றீர்கள் என்றேன். தாத்தாவுக்குக் கடைசி ஆறு மாதம் அவர்தான் வெட்டிவிட்டாராம்.

"எனக்கு வெட்டியிருக்கீங்களாப்பா?"

"உங்கம்மா பாத்துக்குவா." நகத்துணுக்குகளைக் காகிதத்தில் கூட்டி மடித்தார். "நானும் கேட்டதில்ல."

ஆகஸ்ட் 11

95. 95. 96.

ஆகஸ்ட் 12

தூக்கம் வராமல் படித்தது: உலக அளவில், சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் 3.2 மடங்கு நேரம் செலவிடுகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்னது. செலவிடும் நேரத்தைத்தான் எண்ணியிருக்கிறார்கள். 15.2-ஐ மனதில் வைத்திருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆகஸ்ட் 13

தனிமையிலிருந்து வெளியே வர, அறிகுறி தொடங்கி 10 நாள், அதற்கு மேல் அறிகுறியே இல்லாமல் 3 நாள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து முடிந்துவிட்டது. நேற்று இருமல் இல்லை. ஒன்று.

ஆகஸ்ட் 14

விடியற்காலையில் இருமினாள். மறுபடியும் பூஜ்யம்.

ஆகஸ்ட் 16

இருமல் இல்லை. இரண்டாவது நாள். 97.

அப்பா பாப்பாவைத் தலைக்கு ஊற்ற அழைத்துப் போனார். இடது காது என்று சொல்ல எழுந்து ஓடினேன். பஞ்சு ஏற்கெனவே வைத்திருந்தார்.