முட்டிடிச்சான் பாறையில் அப்பா குடித்த தண்ணீர்

2022 மே 15, ரோமில், பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா அந்த நேர்ச்சையை வைத்தாள். அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து நல்லபடியாகச் சேர்ந்துவிட்டால், குடும்பத்தோடு, அவர் தாகத்தில் தவித்த புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்கு வருகிறோம் என்று. வேறு எந்தக் கோவிலும் அவள் மனதில் வரவில்லை. அப்பாவுக்கு அப்போது டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான் கொடுப்போம், மாத்திரை விழுங்கும் மடக்குகூடக் கணக்கில் சேரும். கோடையில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தாகத்தைப் பற்றித் தாகத்தில் தவித்தவரிடம்தானே சொல்ல முடியும்!

கிடைத்தது. அரசுப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருந்து, மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடையது கிடைத்தது. யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. அம்மா மட்டும் அன்றிலிருந்து இரவு ஜெபத்தில் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் 'ஆமென்' சொல்வாள்.

புனிதரின் திருநாள் ஜனவரி 14, அவரைச் சுட்டுக் கொன்ற நாள். ஆனால் கூட்டத்துக்குள் போகக்கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. சரி, நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, அன்றைக்குப் போவோம் என்று முடிவு செய்தோம். விடியற்காலைப் பூசையில் திருவெளிப்பாட்டு வாசகம் வந்தது, யாராலும் எண்ண முடியாத பெருந்திரள், வெண்ணாடை அணிந்தவர்கள். முடிந்ததும் திருநெல்வேலியிலிருந்து வேன். ஆரல்வாய்மொழி வரைக்கும் மன்றாட்டு மாலைதான். அவரவர் பெயர்கொண்ட புனிதரை அவரவர் சொல்ல, தம்பி மகன் தனக்குப் பிடித்த புனிதர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனான், முடியவே விடவில்லை.

அவரைச் சுட்ட காற்றாடிமலையில் மழையும் காற்றும். அப்பாவைக் கீழேயே வேனில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஏறினோம். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரியே ஒலிக்கிறது. பிள்ளைகளுக்கு இறங்க மனமில்லை. எனக்கோ கீழே இருப்பவர் நினைப்பாகவே இருந்தது.

புலியூர்க்குறிச்சியில் நாங்கள் பயந்த அளவுக்குக் கூட்டம் இல்லை, ஆனால் இருந்த கொஞ்சம் பேரே போதும். வண்டியை விட்டு இறங்குமுன்பே ஒருவர் மெழுகுதிரிக் கட்டை மடியில் திணித்து, "நேர்ச்சைன்னா இவ்வளவு ஏத்தணும்" என்று கணக்குச் சொன்னார். நேர்ச்சை வைத்தது நாங்கள், கணக்கு அவரிடம்! பாறைப் பக்கத்தில் கேனும் பாட்டிலுமாக முண்டியடிப்பு, நடுவில் ஒருவர் போனில் வீடியோ எடுத்தபடி நகரவே மாட்டேன் என்கிறார். அப்பா முகக்கவசத்தோடு ஓரமாக நின்று, எல்லாரும் விலகும்வரை காத்திருந்தார். காத்திருக்க அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சங்கிலி போட்டு இழுத்துவந்து, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்து, ஒரு வாய்த் தண்ணீருக்கு அலையவிட்ட மனிதர், முழங்கையால் இடித்ததும் ஊறிய தண்ணீர். அந்தச் சின்னக் குழியில் இன்னும் நிற்கிறது. அப்பா குனிந்து ஒரு கை அள்ளினார். அம்மா பதறிவிட்டாள். "ஏங்க, கொதிக்கவச்ச தண்ணிதான் குடிக்கணும்னு சொல்லிருக்காங்கள்லா!" அப்பா குடிக்கவில்லை. நெற்றியிலும் கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், சட்டையைத் தூக்கி வயிற்றில் அந்தத் தழும்பின்மேல் தடவினார். அப்புறம் அம்மா கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி, வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த தண்ணீரை டம்ளர் நிறைய ஊற்றி, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தார். அளக்க யாரும் இல்லை. அம்மா பாறையோரம் அப்படியே மண்டியிட்டுவிட்டாள். ஈரத்தில் சேலை பாழாகிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் என்ன ஜெபித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்குமேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், ஒன்றும் ஒழுங்காக நினைவில்லை. திரும்பும் வழியில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், புனிதரின் கல்லறை முன்னால் நின்றோம். அடுத்த நாள் கல்லறைத் திருநாள், ஆகவே பூசைக் கருத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அம்மாவும் போய் நின்றுகொண்டாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

"பேரு தெரியாதுய்யா. எங்க வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கொடுத்தவங்கன்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குப் பூசையிலயா, நாளைக்கு ஆன்மாக்களுக்கான பூசையிலயாம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டுலயும் எழுதுங்க" என்றாள்.