முதுகுப் பக்கம்

கம்பஸ் லீவில் இரண்டு மாதம் உள்ளகப் பயிற்சி என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "பாங்கா, கம்பனியா?" பல்கலைக்கழகம் ஒன்றின் சின்ன ஓவியக்கூடம் என்றேன். "அங்கை என்ன வேலை, தூசு தட்டுறதோ?" என்றார் அம்மா. பாதி சரி.

முதல் வாரம் எனக்குத் தந்த பெரிய பொறுப்பு தண்ணீர் ஊற்றுவது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேதான் நிற்கும். ஓவியங்களுக்கு 50 அளவில் இருந்தால் நிம்மதி. கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். களஞ்சிய அறையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று இரவுபகலாக முனகிக்கொண்டிருக்கும். அதன் தொட்டியைக் காலையும் மாலையும் வாசல் செடிகளுக்குக் கவிழ்ப்பேன். செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன.

வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஆனந்த குமாரசுவாமி மாவத்தை வழியாக நடப்பேன். அந்தத் தெருவோரம் ஓவியங்களைச் சாத்திவைத்து விற்பார்கள். வெயில், பஸ் புகை, திடீர் மழைக்கு ஒரு பொலித்தீன். 1877இல் கொழும்பில் பிறந்து, 1917இலிருந்து பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டவரின் பெயரில் இருக்கும் தெரு அது. உள்ளே போனால் நான் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்ற வேண்டும், பேனையைத் தொடவே கூடாது, பென்சில் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடை.

இரண்டாம் வாரம் விவர அட்டைகள் என்னிடம் வந்தன. தமிழையும் அரச கரும மொழியாக்கிய, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது 1987இல். அட்டைகளிலும் தமிழ் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றாவதாக, சின்ன எழுத்தில். பழங்களும் தண்ணீர்க் கூசாவும் வரைந்த ஒரு படத்தின் கீழே 'இன்னும் வாழ்க்கை' என்று போட்டிருந்தது. 'ஸ்டில் லைஃப்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வேலை. இன்னொன்றில் 'கன்வஸ் மீது எண்ணெய்'. வீட்டில் சொன்னேன். "நல்லெண்ணெயோ, தேங்காயெண்ணெயோ?" என்றார் அம்மா.

சிரித்து முடிந்த பிறகு திருத்த உட்கார்ந்தால், அது லேசான வேலையாக இல்லை. 'கித்தானில் எண்ணெய் வண்ணம்' என்று எழுதினேன். கித்தான் என்ற சொல் எனக்குக் கித்தான் பையால்தான் தெரியும். ஓவியத்துக்கு அது பொருந்துமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 'அசையாப் பொருள்' என்று போட்டால் காணி உறுதி மாதிரி இருந்தது. கடைசியில் 'பழங்களும் கூசாவும்' என்று மட்டும் எழுதினேன். படத்தில் இருப்பது அதுதானே.

நான்காம் வாரம் ஓவியங்களின் நிலையைப் பதிவுசெய்யத் தொடங்கினோம். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில் பிடித்துத் தூக்கி, மெத்தை விரித்த மேசையில் கவிழ்த்து வைப்போம். ஓவியத்தின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. துருவேறிய ஆணிகள், கறையான் அரித்த சட்டம், யாரோ ரூபாயில் எழுதி அடித்துவிட்ட விலை. முன்பக்கத்தை விட அங்கேதான் ஆட்கள் அதிகம்.

அதில் ஒன்று நவீன பாணி, நீலமும் மண்நிறமும் கட்டங்கட்டமாக. வரைந்தவர் சிங்களவர். பழைய பதிவேட்டில் 'பின்புறம்: பென்சில் கிறுக்கல்' என்றிருந்தது. பொறுப்பாளர் மிஸ் லாம்பைச் சரித்துப் பிடித்து, கிறுக்கலைக் காட்டி, "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். மரச்சட்டத்தில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'மேல்'. நல்ல, உருண்டையான தமிழ். சட்டம் அடித்த கடைக்காரர் எழுதியதாக இருக்க வேண்டும்.

பதிவேட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தோம். தலைகீழாக ஒட்டியிருந்தது.

மிஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரரும் பிழைவிட்டிருக்கலாமே என்றார். அதுவும் நியாயம்தான். முடிவெடுக்க வேண்டியது நாங்கள் இல்லை, கண்டதை எழுதுவதுதான் எங்கள் வேலை என்றார். புதிய படிவத்தில் 'கிறுக்கல்' என்பதை விட்டுவிட்டு எழுதினேன்: 'பின்புறம், சட்டத்தில், பென்சிலில்: அம்புக்குறி, "மேல்" (தமிழ்).' அந்த ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று மிஸ் கேட்டார். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். ளகரமா லகரமா என்று இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டார்.