பயனியர் எஸ்எக்ஸ்-780 வாங்கும் முன்

பயனியர் 1978-இல் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-780 ஸ்டீரியோ ரிசீவர், 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 45 வாட் தரும். அதே வரிசையின் உச்சமான எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட். வீட்டுக் கூடத்துக்கு 45 தாராளம். இந்த செட்டைப் பற்றி வரும் புகார்களில் பாதி, அதை இன்றைய கருவிகளோடு பொருத்தும் விதத்தால் வருபவை. உண்மையான பலவீனம் ஒன்றுதான்: ஒரு சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை ஒரே பாகமாக அடக்கிய எஸ்டிகே பேக். அதைப் பிறகு பார்ப்போம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஃபோனோ உள்ளீடு அருமை. எம்எம் (மூவிங் மேக்னட்) வகை கார்ட்ரிட்ஜ் உள்ள டர்ன்டேபிளை நேராகச் செருகி, அதன் எர்த் வயரைப் பின்பக்கத் திருகில் கட்டினால் போதும். தனி ப்ரீஆம்ப் வேண்டாம். எஃப்எம் ட்யூனர் சுத்தமாக இழுக்கும். ஹெட்ஃபோனுக்கும் சக்தி குறையாது. மூடியைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கைக்கு எட்டும், சால்டரிங் தெரிந்தவர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம்.

அடிக்கடி கேட்கும் குறை: “வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறுகிறது, சத்தம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.” வெளிக்கருவிகளை இணைக்கும் ஆக்ஸ் உள்ளீடு சுமார் 150 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. சிடி பிளேயரோ டேக்கோ (டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் கருவி) தருவது 2 வோல்ட், அதாவது 22 டெசிபல் அதிகம். அதனால் குமிழ் எப்போதும் அடிமட்டத்திலேயே நிற்கும். குமிழுக்குப் பின்னால் சேனலுக்கு ஒன்றாக இருக்கும் இரட்டை பொட்டென்ஷியோமீட்டரின் (மாறு மின்தடை) இரு பாதிகளும் அந்த இடத்தில்தான் சரியாக ஒத்துப்போகாது. தீர்வு எளிது. ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் வழியில் 22 கிலோஓம், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 10 கிலோஓம். ரிசீவரின் உள்மின்தடையையும் சேர்த்தால் சுமார் 11 டெசிபல் குறையும். நான்கு ரெசிஸ்டர், சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசு. குமிழ் நடுப்பகுதிக்கு வந்ததும் சாய்வு போய்விடும். டிவியின் ஆப்டிகல் வெளியீட்டை டேக் வழியாக இணைத்தால், டிவி அமைப்பில் ஒலியை பிசிஎம் (சாதாரண ஸ்டீரியோ டிஜிட்டல் வடிவம்) என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் சத்தமே வராது.

ஒரு சேனல் மெதுவாகக் கேட்டு, வால்யூமை ஏற்றியதும் ‘படக்’ என்று முழுதாக வருகிறதா? ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் மின்சுவிட்சான ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கறுத்திருக்கும். ரிலேயின் மூடியைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த கெட்டிக் காகிதத்தை முனைகளுக்கு நடுவே இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். அதற்கும் சரியாகாவிட்டால் ரிலேயை மாற்றுவதே முறை. சத்தமே இல்லையென்றால், பிரித்துப் பார்ப்பதற்கு முன் டேப் மானிட்டர் பொத்தான் (ஒலியை டேப் டெக்கின் உள்ளீட்டுக்கு மாற்றுவது) அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ‘கரகர’ குமிழுக்கும் சுவிட்சுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் போதும்.

இனி எஸ்டிகே-0050. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எல்லாம் சேனலுக்கு ஒரு பேக்கில் அடக்கம். தனித்தனி டிரான்சிஸ்டர் உள்ள ரிசீவரில் செத்ததை மட்டும் மாற்றலாம். இதில் மொத்த பேக்கும் போகும். தயாரிப்பு நின்று பல காலமாகிவிட்டது. புதிது என்று வருபவற்றில் போலிகள் அதிகம், சுமை ஏறியதும் வெடிக்கும். வேறொரு செட்டிலிருந்து கழற்றிய அசலே மேல். ஹீட்சிங்குக்கு நடுவே மைக்கா (மின்காப்புத் தகடு) தேவையில்லை, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டை முழுக்கத் துடைத்து, புதியதை மெல்லியதாகத் தடவினால் சரி. மாட்டும் முன் அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை அளந்துவிடுங்கள். அவற்றில் ஒன்று அறுந்திருந்தால் புது பேக்கும் நொடியில் போகும்.

பேக்கைக் கொல்பவை இரண்டு: ஸ்பீக்கர் வயரின் ஒற்றைப் பிசிறு பக்கத்து முனையைத் தொடுவது, 4 ஓம் ஸ்பீக்கர்களை ஏ, பி என்ற இரு ஜோடி ஸ்பீக்கர் முனைகளிலும் போட்டு ஒன்றாக ஓட்டுவது. இரண்டு ஜோடி வேண்டுமென்றால் எல்லாமே 8 ஓமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த செட் 120 வோல்ட். 500 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். நம் 50 ஹெர்ட்ஸில் உள் டிரான்ஸ்ஃபார்மர் சற்று அதிகம் சுடும் என்பதால் மேல்பக்கத் துளைகளை மூடாதீர்கள். எஃப்எம்மில் மேல்ஸ்தாயி மங்கலாகக் கேட்கும். அங்கே டீ-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் உயர்த்திய மேல்ஸ்தாயியை ரிசீவர் மீண்டும் குறைப்பது) 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

வாங்கப் போகும்போது மல்டிமீட்டரும், ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பும் கையில் இருக்கட்டும். ஸ்பீக்கர் இணைக்காமல், பல்பை 230 வோல்ட் பக்கத்தில் தொடராக இணைத்து செட்டைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேராகப் போடுங்கள். சில நொடிகளில் ரிலே ‘டக்’ என்று விழ வேண்டும். கால் மணி நேரம் சூடானதும் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் பழுதுச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். ரிலே விழவே இல்லையென்றால் எஸ்டிகே போயிருக்க வாய்ப்பு அதிகம். பாகத்துக்கான விலையை மட்டும் கொடுக்கலாம்.