நாளுக்கு எட்டு வசனம்

எட்டாம் வகுப்பில் நான் எழுதிய ஒரு இரட்டைக்கோடு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. நடுவில் ஒரு பக்கத்தில் "மாற்கு 14:51, 52" என்று எழுதி, பக்கத்தில் "இவன் யார்?" என்று கேட்டிருக்கிறேன். கெத்செமனேயில் இயேசுவைப் பிடிக்கும்போது, பின்னால் வந்த ஒரு வாலிபன் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறானே, அவனைத்தான். கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியது: "எனக்கும் தெரியாது மக்களே. மற்ற மூன்று சுவிசேஷத்திலும் இருக்கிறானா, தேடிப் பார்."

தேடினேன். எங்கும் இல்லை, மாற்கு மட்டும்தான் அவனைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் அவனைத் தேடப் போன சாயங்காலத்தில்தான், ஒரே இரவை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதை முதன்முதலாகக் கண்டேன். வேதத்தைக் கேள்வி கேட்டுப் படிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நம் பள்ளி விடுதியில் இருந்தவர்களுக்கு டீச்சர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: விடுதியில் எங்கள் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் டீச்சர். எங்கள் ஊர்ப்பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எல்லாமே திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. அன்றைக்குப் பிறகு நாங்கள் தமிழ்நாடு, பாறசாலைக்காரர்கள் கேரளம். விடுதியில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தோம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலந்தொட்டு எங்கள் ஊர்களில் கிறிஸ்தவக் கோவிலும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தவை. என் பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகமே வேதபுத்தகம்தான்.

அந்த வருடம் ஜனவரியில் சபை உபதேசியார் ஒரு கணக்குச் சொன்னார். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆதியாகமம் ஓடியது. யாத்திராகமத்தில் செங்கடல் தாண்டும் வரைக்கும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அப்புறம் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் பலகைகளும் கொளுக்கிகளும் வந்தன. லேவியராகமத்துக்கு வந்ததும் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்தபோது பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. ஒரே ராத்திரியில் அத்தனையும் வாசித்துவிட உட்கார்ந்தேன். கண் வரியில் ஓடியது, உள்ளே ஒன்றும் போகவில்லை. மறுநாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து, தொடாததே ஒரு குற்றமாக மனதில் உட்கார்ந்துகொண்டது. வேதத்தைப் பார்த்தாலே பயம்.

டீச்சர் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு, நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்கள்.

"உன் அப்பா ஒருநாள் ரப்பர் வெட்டப் போகவில்லை என்றால், மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்து ஆழமாக வெட்டுவாரா?"

"இல்லை டீச்சர். மரம் காயப்பட்டுப்போகும். பட்டை திரும்ப வளராது."

அப்பா விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும். பட்டையில் மெல்லிசாக ஒரு சீவல், அவ்வளவுதான். பால் தானாகச் சிரட்டையில் சொட்டும். நான் பார்த்து வளர்ந்த வேலை அது. "அப்படியானால் நீ மட்டும் ஏன் ஆழமாக வெட்டுகிறாய்?" என்று கேட்டுவிட்டு, யாத்திராகமம் 16ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வனாந்தரத்தில் அன்றன்றைக்குக் கிடைத்த உணவான மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்த இடம். "நேற்றையது நேற்றோடு போயிற்று. விட்ட நாளுக்குக் கணக்கு இல்லை மக்களே. இன்றைக்கு உள்ளதை மட்டும் எடு."

அதோடு ஒரு அளவும் சொன்னார்கள். 119ஆம் சங்கீதம் 176 வசனம். ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்துகளின் வரிசையில் எட்டெட்டு வசனமாக 22 துண்டாக ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நாளுக்கு ஒரு துண்டு. 22 நாளில் அது முடிந்ததும் மாற்கு, அதே எட்டெட்டாக. மாற்கு முடிய மூன்று மாதத்துக்குக் கிட்ட ஆனது. நோட்டில் தேதி, மனதில் தங்கிய ஒரு வசனம், ஒரு கேள்வி. கேள்வி எழுதாத நாளில் டீச்சர் கையெழுத்துப் போட மாட்டார்கள். இடமும் நேரமும் மாறக்கூடாது என்றார்கள். எனக்குச் சாப்பாட்டு அறையின் கிழக்கு சன்னல், காலை ஐந்தரை.

என் பக்கத்துக் கட்டில் தோழி பாறசாலைக்காரி, அவள் வைத்திருந்தது மலையாள வேதம். சில நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்போம். 23ஆம் சங்கீதம் எனக்கு மனப்பாடம்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." அவளுடையதில் மேய்ப்பர் இல்லை, "இடயன்". "எனிக்கு முட்டுண்டாகயில்ல" என்று வாசித்தாள். முட்டு! அரிசி தீர்ந்த மாசக்கடைசியில் அம்மா "வீட்டில் முட்டுப்பாடு" என்பாரே, அந்தச் சொல். தாழ்ச்சி என்றால் என்ன என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கோவில் பாஷையாகக் காதில் விழுந்து போய்க்கொண்டிருந்த வசனம், அன்று எங்கள் அடுக்களைக்குள் வந்து நின்றது. ஒரு வசனம் பழகிப் பழகி மழுங்கிவிட்டால், தெரிந்த இன்னொரு மொழியில் அதை எடுத்து வாசிக்க வேண்டும் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறேன். எல்லையோரத்தில் பிறந்த நமக்கு அது சும்மா கிடைத்த சொத்து.

நர்சாகக் குவைத்துக்கு வந்த முதல் இரண்டு வருடம் இந்தப் பழக்கம் முழுவதும் விட்டுப்போனது. பகல் டூட்டி, இரவு டூட்டி மாறி மாறி வந்தால் காலை ஐந்தரை என்ற ஒன்றே கிடையாது. இங்கே சபை கூடுவது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மட்டும் வேதம் திறப்பேன். உள்ளுக்குள் வற்றிப்போயிருந்தேன், அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு நாள் டூட்டி முடிந்து வந்து பெட்டியில் எதையோ தேடும்போது இந்த நோட்டு கையில் பட்டது. "விட்ட நாளுக்குக் கணக்கு இல்லை" என்ற குரல் காதில் கேட்டது. எழுநூறு நாளுக்கு மேல் விட்டிருந்தேன். அன்றைக்கே ஆலெப்பில் தொடங்கினேன்.

நேரம் மாறினாலும் மாறாத ஒன்று வேண்டும் என்று தேடி, கடைசியில் டூட்டிக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். பகலோ இரவோ, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எட்டு வசனம். போனில் வாசித்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. இரண்டாவது வசனத்துக்குள் ஏதாவது செய்தி வந்து விழும். கைக்கு அடங்கும் வேதபுத்தகமும் பென்சிலும்தான் எனக்குச் சரி.

இப்போது நம் விடுதிப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். குவைத்தில் காலை நாலரை, ஊரில் ஏழு. எட்டு வசனம் வாசித்து, ஆளுக்கொரு கேள்வியை வாட்ஸ்அப்பில் குரலாகப் போடுவோம். பாறசாலைத் தோழி மலையாளத்தில் வாசித்து அனுப்புவாள். அந்த நேரத்தில் டூட்டியில் இருக்கிறவர்கள் முடித்துவிட்டுக் கேட்பார்கள். ஒருநாள் தவறினால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

வருகிற ஜூன் முதல் தேதி மறுபடியும் ஆலெப்பில் தொடங்குகிறோம். சேர விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நோட்டு ஒன்று மட்டும் வாங்கி வையுங்கள், இரட்டைக்கோடு போட்டது.