தையுவான்: திருடர்கள் விட்டுப்போன சுவர்கள்

ஊர் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. பெட்டியில் இருக்கும் துணியைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். சீனாவுக்குப் போகிற நம்மவர்கள் பெய்ஜிங், ஷாங்காய், சியான் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெய்ஜிங்குக்கும் சியானுக்கும் இடையே ரயில் பாதையில் தையுவான் என்று ஒரு ஊர் இருக்கிறது. 571-இல் இறந்த ஒரு தளபதியின் கல்லறை அங்கே இருக்கிறது. அதன் சுவர்களில் 200 பேருக்கு மேல் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறார்கள். கொடி பிடித்தபடி, கொம்பு ஊதியபடி, தட்டு ஏந்தியபடி. அவர்களைப் பார்க்கத்தான் அக்காவும் நானும் போனோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தையுவான் இருப்பது ஷான்ஷி மாகாணத்தில். சியான் இருப்பது அதற்கு மேற்கே இருக்கும் இன்னொரு ஷான்ஷியில். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். சீனர்களுக்கு ஒலி ஏற்ற இறக்கம் வேறு, எழுத்து வேறு. டிக்கெட்டோ விடுதியோ பதிவு செய்யும்போது மாகாணத்தின் பெயரை நம்பாதீர்கள், ஊரின் பெயரைப் பாருங்கள்.

சியானிலிருந்து அதிவேக ரயிலில் வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், சரியான நேரம், தூக்கம். ஆனால் இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷன் வாசலில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே வந்ததும் ஒரு ஓட்டுநர் பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கைபேசியில் 50 என்று தட்டிக் காட்டினார். சரி என்று ஏறினோம். விடுதி வாசலில் இறங்கும்போது 150 கேட்டார். ஆளுக்கு 50, பெட்டிகளுக்கு 50 என்று விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். ஒரு யுவான் நமக்கு ஏறக்குறைய 12 ரூபாய். அதாவது இருபது நிமிட ஓட்டத்துக்கு 1,800 ரூபாய்! பெட்டிகள் வண்டியின் டிக்கியில் பூட்டிக் கிடந்தன. கால் மணி நேரம் வாக்குவாதம் செய்து 100-க்கு முடித்தோம். அதே தூரத்துக்குச் செயலியில் பார்த்தால் 28 யுவான்தான் காட்டியது. வாசலில் வந்து கூப்பிடுகிற யார் வண்டியிலும் ஏறாதீர்கள். செயலியில் வண்டி பிடியுங்கள், பணமும் அதிலேயே போய்விடும். அன்றைக்குப் போன 72 யுவான் அடுத்த இரண்டு நாளும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கோபத்தைத் தணித்தது மறுநாள் காலை கிடைத்த நூடுல்ஸ். விடுதிக்குப் பின்னால் ஒரு சந்துக் கடை. பெரிய மாவு உருண்டையைக் கையில் அணைத்துப் பிடித்தபடி, வளைந்த தகட்டுக் கத்தியால் ஒருவர் சீவுகிறார். சீவச் சீவ, ஒவ்வொரு துண்டும் பறந்துபோய்க் கொதிக்கிற தண்ணீரில் விழுகிறது. நடுவில் தடிப்பாக, ஓரங்களில் மெல்லியதாக, வாழை இலைக் குருத்து மாதிரி நீளம். மெல்லும்போது பல்லுக்கு நல்ல வேலை. அக்கா சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள். அவளுக்குத் தக்காளியும் முட்டையும் போட்ட குழம்போடு வந்தது. மேசையில் ஒரு கூஜாவில் கறுப்பு வினிகர். வெள்ளைச் சோளத்திலிருந்து எடுத்துப் பல காலம் ஊற வைத்தது. இந்த ஊரில் எல்லாவற்றிலும் அதை ஊற்றுகிறார்கள். நான் பயந்து பயந்து இரண்டு சொட்டு விட்டேன். பக்கத்தில் இருந்த தாத்தா என் கிண்ணத்தை இழுத்து, தாராளமாக ஊற்றிக் கொடுத்தார். புளியும் புகையும் கலந்த வாசம், நம் புளிக்குழம்பு முதல்நாள் வைத்து மறுநாள் சாப்பிடுவதுபோல. கிண்ணம் 14 யுவான். இருந்த மூன்று நாளும் காலை உணவு அங்கேதான். மதியங்களில் ஓட்ஸ் மாவைச் சுருட்டிச் சுருட்டி, தேன்கூடு மாதிரி அடுக்கி ஆவியில் வேகவைப்பார்கள். சைவக்காரர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, கல்லறைக்கு வருகிறேன்.

தையுவானுக்குத் தெற்கே ஜின்யாங் என்று ஒரு பழைய நகரம் இருந்தது. 550 முதல் 577 வரை வட சீனாவின் கிழக்குப் பகுதியை ஆண்ட வடக்கு சி அரசுக்குத் தலைநகரம் வேறு ஊர்தான். ஆனாலும் படையும் பலமும் ஜின்யாங்கில் இருந்தன. 979-இல் சூங் வம்ச அரசர் அந்த நகரத்தைப் பிடித்து எரித்தார், பிறகு ஆற்று நீரையும் அதன்மேல் திருப்பிவிட்டார். மேலே நகரம் போய்விட்டது. அதைச் சுற்றி மண்ணுக்கடியில் தளபதிகளும் பிரபுக்களும் மட்டும் மிஞ்சினார்கள். தையுவானில் தோண்டும் இடமெல்லாம் கல்லறை கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் நாள் ஃபென் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஷான்ஷி அருங்காட்சியகம். கட்டணம் இல்லை; முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும்; திங்கள் விடுமுறை. நான் நேராகப் போனது யூ ஹோங்கின் கல்வீட்டுக்கு. 1999-இல் வாங்குவோ என்ற கிராமத்தில் சாலை வேலை செய்யும்போது கிடைத்தது. வெள்ளைப் பளிங்கில் ஒரு சின்ன வீடு மாதிரிப் பெட்டி, கூரையோடு. யூ ஹோங் 592-இல் இறந்தவர். சின்ன வயதிலேயே வடக்குப் புல்வெளி நாடோடி அரசின் தூதராகப் பாரசீகம் வரை போய்வந்தவர். பிறகு சீனாவுக்கு வந்து, அங்கே குடியேறிய மத்திய ஆசிய வணிகர்களை மேற்பார்வை பார்க்கும் பதவியில் இருந்தார். அவர் பெட்டியின் பலகைகளில் ஒருவர் யானை மேல் அமர்ந்து சிங்கங்களோடு வாள் சண்டை போடுகிறார், இன்னொருவர் ஒட்டகத்தின் மேலிருந்து அம்பு விடுகிறார். கீழே தீ மேடை. அதன் இரு பக்கமும் பாதி மனிதன், பாதி பறவையாக இரண்டு பூசாரிகள். நெருப்பை வணங்குகிறவர்களின் வேலை. சீன எலும்புகளுக்கு நடுவே இப்படி ஒரு பெட்டி எப்படி வந்தது என்ற கேள்விக்கு டி.என்.ஏ. ஆய்வு 2007-இல் ஒரு பகுதி விடை சொன்னது: அவருடைய தாய்வழி மேற்கு யூரேசியாவைச் சேர்ந்தது, மனைவியுடையது கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. அந்தப் பெட்டி முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதே வாங்குவோ பக்கம்தான் லோ ரூய் என்ற பிரபுவின் கல்லறையும் கிடைத்தது. 570-இல் இறந்தவர், அரசர்களின் தாய்க்குச் சகோதரர் மகன். 1979-இல் ஆரம்பித்த அகழாய்வு 1981 வரை நடந்தது. மண் பொம்மைகள் மட்டும் 600-க்கு மேல். சுவர் ஓவியங்களில் குதிரை வீரர்கள் பாய்ந்து போகிறார்கள், ஒருவர் திரும்பிப் பின்னால் பார்க்கிறார், ஒட்டகங்கள் சுமையோடு வருகின்றன. கோடுகளில் அப்படி ஒரு வேகம். ஆனால் அந்த ஓவியங்களைச் சுவரிலிருந்து வெட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். அன்றைய நிலையில் அப்படித்தான் காப்பாற்ற முடிந்தது என்பது புரிகிறது. ஆனாலும் சட்டத்துக்குள் துண்டு துண்டாக நிற்கும் குதிரைகளைப் பார்க்கும்போது எந்தப் பக்கம் ஓடின, யாரை நோக்கி ஓடின என்பது தெரியவில்லை. எனக்கு மனசு ஆறவே இல்லை.

இரண்டாம் நாள் காலை பேருந்து. இதற்கு நான் தனியாகத் திட்ட வேண்டும். செயலி காட்டிய நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் நின்றோம். வந்த வண்டியில் கூட்டம். ஜன்னல்கள் எல்லாம் அடைப்பு. வழியில் தோண்டிப் போட்ட சாலை. பாதி வழியில் அக்காவுக்குத் தலை சுற்றி இறங்கிவிட்டோம். மிச்சம் பிடித்தது ஆளுக்கு இருபது யுவானுக்கும் குறைவு, போனது ஒரு முழுக் காலை. தளபதியின் கல்லறை இருக்கும் சுவரோவிய அருங்காட்சியகம் நகரத்தின் கிழக்கே, வாங்ஜியாஃபெங் கிராமத்துப் பக்கம் இருக்கிறது. இதற்கு மட்டும் காசைப் பார்க்காமல் வண்டி பிடியுங்கள்.

2000 டிசம்பர். அந்தக் கிராமத்துப் பேரிக்காய்த் தோட்டத்தில் கல்லறைத் திருடர்கள் தோண்டிய குழியை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். தொல்லியலாளர்கள் வந்து தோண்ட ஆரம்பித்து, 2002 வரை வேலை நடந்தது. சரிந்து இறங்கும் நீண்ட மண் பாதை, அப்புறம் ஒரு குகைவழி, ஒரு காற்றுக்கிணறு, கல் கதவு, கடைசியில் செங்கல் கூடம். மொத்த நீளம் 30 மீட்டர், தரையிலிருந்து 8 மீட்டருக்கும் மேல் ஆழம். பழங்காலத்திலிருந்தே பலமுறை கொள்ளை போன கல்லறை. அப்படியும் 500-க்கு மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. பெரும்பாலும் மண் பொம்மைகளும் மெருகிட்ட பாத்திரங்களும். திருடர்கள் கண்ணில் படாமல் ஒரு தங்க மோதிரமும் தப்பியிருக்கிறது. நீலக்கல்லில் கையில் எதையோ ஏந்தி நிற்கும் ஒரு சின்ன உருவம் செதுக்கியிருக்கும். சீன வேலைப்பாடே இல்லை, மேற்கே எங்கோ செய்தது.

கல்லில் பொறித்த வாழ்க்கைக் குறிப்பிலிருந்து ஆள் யார் என்று தெரிந்தது. சூ யிங், ஆனால் எல்லோரும் அழைப்பது ஷியான்ஷியூ என்ற பெயரால்தான். வட எல்லையிலிருந்து வந்தவர், போர்களில் உயர்ந்தவர், இளவரசர் பட்டம் வாங்கியவர். 70 வயதில், 571 ஆரம்பத்தில் ஜின்யாங் வீட்டில் இறந்தார். அந்த ஆண்டு இறுதியில் அடக்கம். ஆறே வருடத்தில் அவர் சேவித்த அரசே இல்லாமல் போனது.

திருடர்களால் எடுத்துப் போக முடியாதது சுவர். 300 சதுர மீட்டருக்கும் மேல் ஓவியம், அதுவும் நன்றாகவே நிற்கிறது. அதை வெட்டி எடுக்கவில்லை. கல்லறையை இருந்த இடத்திலேயே வைத்து, சுவரில் பூத்த உப்பையும் பூஞ்சையையும் உள்ளே நுழைந்த மர வேர்களையும் வருடக்கணக்காகச் சரிசெய்தார்கள். புத்த ஓவியங்கள் நிறைந்த தூன்ஹுவாங் குகைகளைப் பார்த்துக்கொள்ளும் நிபுணர்களும் வந்து கைகொடுத்தார்கள். அதன் மேலேயே அருங்காட்சியகம் கட்டி 2023 டிசம்பரில் திறந்தார்கள். முதல் நாள் பார்த்த குதிரைகளுக்குப் பிறகு இதன் அருமை எனக்கு இன்னும் அதிகமாகப் புரிந்தது. இங்கே எல்லோருக்கும் திசை இருக்கிறது. பாதையின் இரு சுவரிலும் காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். உள்ளே போகப் போகக் கூட்டம் கூடுகிறது. கடைசிச் சுவரில், வடக்கே, வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும்.

கூடாரம் மாதிரி ஒரு திரைக்குக் கீழே, தாழ்வான கட்டிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மை நேராகப் பார்க்கிறார்கள். இருவர் கையிலும் அரக்குக் கிண்ணம். நடுவில் தட்டுத் தட்டாகச் சாப்பாடு. அவர் தோளில் விலங்கு ரோமத்தால் ஆன உடை. இரு பக்கமும் வாத்தியக்காரர்கள். பீப்பா என்ற சீன வீணைகள், யாழ்போல் வளைந்த நரம்புக் கருவி. தட்டேந்திய பணிப்பெண்களின் பாவாடையைப் பாருங்கள்: முத்துக்களைக் கோத்த வளையம், வளையத்துக்குள் உருவம். பாரசீகத் துணிகளில் வரும் அதே வடிவம். மேலே காற்றில் தாமரைப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அது புத்த சமயம். பாரசீகத் துணியும் புத்தத் தாமரையும் எல்லைப்புற வீரனின் விலங்குரோம உடையும் ஒரே சுவரில். வரைந்தவர்கள் 200 பேருக்கும் 200 முகம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிறான், ஒருவன் களைத்துப் போய் நிற்கிறான். எழுதி வைத்த வரலாற்றில் இவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது.

மேற்குச் சுவரில் சேணம் பூட்டிய குதிரை. மேலே ஆள் இல்லை. அவருக்காகக் காத்திருக்கிறது. கிழக்குச் சுவரில் மாட்டு வண்டி. அது அந்த அம்மாவுக்கு. அக்கா வண்டியின் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றாள். "இந்த மாட்டப் பாருடா, காலத் தூக்கிக் கிளம்பத் தயாரா நிக்குது. அந்த அம்மா இன்னும் சாப்பிட்டே முடிக்கல" என்றாள்.

பட்ஜெட் கேட்பவர்களுக்கு: சியான் ரயில் டிக்கெட்டை விட்டுவிட்டால், மூன்று நாள், இரண்டு பேர், இரண்டு நட்சத்திர விடுதி உட்பட ஏறக்குறைய 1,300 யுவான். அதில் அந்த ஓட்டுநர் வாங்கிய 100-ம் சேர்த்தி. சுவரோவிய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்காதீர்கள், முழு நாள் ஒதுக்குங்கள். எங்களை மூடும் நேரத்தில் வெளியே அனுப்பினார்கள். பேருந்து வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். விடுதி வரை நடந்தே வந்தோம், வழியில் இன்னொரு கிண்ணம் நூடுல்ஸ்.