மூட்டுவலிப் பொட்டலம்

முழங்கால் வலிக்கு அம்மா ஒரு வைத்தியரிடம் சூரணப் பொட்டலம் வாங்கினாள். மூன்றே நாளில் மாடிப்படி ஏறினாள். ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட்டாள். கன்னம் உப்பி முகம் வட்டமானது. "உடம்பு நல்லா தேறிடுச்சே" என்றார்கள் சொந்தக்காரர்கள். லேசாக இடித்தாலே கை கன்றிப்போனது யாருக்கும் உறைக்கவில்லை.

சர்க்கரை ஏறியதும் அந்தப் பொட்டலங்களைக் குப்பையில் போட்டது நான்தான். பத்தே நாளில் அம்மா படுத்த படுக்கையானாள். சோறு இறங்கவில்லை, வாந்தி, எழுந்தால் தலைசுற்றல். பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் பிரஷர் 80/50.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். "அம்மா, மூட்டுவலிக்கு ஏதாவது பொடி, சூரணம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோலின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல், அதன் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி போட்டார். அன்று சாயங்காலமே இட்லி கேட்டாள்.

சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்களாம். வெளியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தால், கார்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லும் உத்தரவை மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி நிறுத்திவிடும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையில்லாமல் சுருங்கும். திடீரென்று பொடியை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது; இரண்டு பக்கமும் வறட்சி. அன்றிரவு போனில் தேடியதில் 1855இல் தாமஸ் அடிசன் என்ற டாக்டர் எழுதிய அட்ரினல் நோய்தான் வந்தது. பயந்துபோய் அம்மாவின் ஈறையும் உள்ளங்கை ரேகையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், கறுத்திருக்கிறதா என்று. இல்லை. அதில் சுரப்பியே கெட்டுவிடும், காசநோயால்கூட. அம்மாவுடையது அந்த வகை இல்லை என்றார் டாக்டர்.

ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை காலையில் 10 மி.கி., மத்தியானம் 5 மி.கி. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி. இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி அம்மாவின் சுருக்குப்பையில் வைத்தேன்.

சுரப்பி விழித்ததா என்று பார்க்க, மாத்திரை போடும் முன் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் தடவை பழக்கதோஷத்தில் ஐந்து மணிக் காப்பியோடு முழுங்கிவிட்டு வந்தாள். போன பஸ் செலவு தண்டம். ஒன்பதாம் மாதம், சுரப்பியைத் தூண்டும் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழித்து எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசோல் போதிய அளவு ஏறியிருந்தது. மாத்திரை நின்றது. அட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பையிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

முழங்கால் வலி திரும்பிவிட்டது. பாதிப் படியில் நின்று, "அந்தப் பொடி..." என்று இழுப்பாள். நான் முறைப்பேன்.